வயிறு சரியில்லாத நாள்

தன் தட்டில் இருந்த ஆட்டுத்தொடை ரோஸ்ட் இரண்டு துண்டையும் ஸ்ரீஸ்கந்தராசா முள்ளுக்கரண்டியால் தூக்கி மகனுடைய தட்டில் வைத்தார்.

"எனக்கு வயித்துக்குச் சரியில்லை, தம்பி. நீ சாப்பிடு."

கிருஷிகனுக்கு இருபது வயது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

அன்று பிரான்சில் அன்னையர் தினம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு ரோஸ்ட் சாப்பிடுவது இந்த நாட்டு வழக்கம், அம்மாவும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அவன்தான் இந்த ஸ்டேக் உணவகத்தில் மேசை சொல்லிவைத்திருந்தான். லா சப்பலில் இருந்து நடந்தே வந்துவிட்டார்கள். மாடு வேண்டாம் என்பதை அம்மா கோசலை வாசலிலிருந்தே மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

மேசை மூன்று பேருக்கு. அந்தக் கணக்கை யார் சொன்னாலும் அவளுக்கு நெஞ்சு இடறும்.

மூத்தவன் கஜனை ஆறு வயதில் கிளிநொச்சியில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுத்தான் இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். அகதிப் பேப்பர் கிடைத்ததும் கூப்பிடலாம் என்று நினைத்தார்கள். பேப்பர் கிடைத்தபோது சண்டையில் வன்னிப் பாதை பூட்டிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

சேதி வராதவரைக்கும் பிள்ளை இருக்கிறான். இந்த ஒரு பிடியில்தான் கோசலை ஏழு வருடங்களை ஓட்டியிருந்தாள். மாதம் தவறாமல் ரூ பஜோல் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அவனுடைய நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வாள். நட்சத்திரம் பார்ப்பது உயிரோடு இருப்பவர்களுக்கு. போனவர்களுக்குத்தான் திதி.

கிருஷிகன் வாய் நிறைய இறைச்சியோடு பிரெஞ்சில் அப்பாவைக் கேலி செய்தான். அப்பாவின் வயிறு வருடத்தில் ஒரு நாள்தான் கெடுமாம், அதுவும் நல்ல சாப்பாடாகப் பார்த்துத்தான் கெடுமாம். போன வருடம் பியர்ஃபித்தில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளை தர்மிளாவின் பிறந்தநாளுக்குக் கோழிப் பிரியாணியைத் தொடவில்லை. அதற்கு முதல் வருடம் கல்யாண நாளுக்கு அம்மா வைத்த நண்டுக்கறியையும் தொடவில்லை.

கோசலையும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் மச்சம் மாமிசம் தொடாதது திவச நாளில்தான். மாமா மாமியின் திவசங்கள் ஆடியிலும் மார்கழியிலும் வரும். இது அவர்களுக்காக இல்லை.

கைப்பையைத் திறந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள். அதில் பஞ்சாங்கம் இருந்தது, கஜனின் நட்சத்திரம் பார்க்க வைத்திருந்தது. போன வருடம் தர்மிளாவின் பிறந்தநாள், ஜூன் ஒன்பது. போட்டாள். வைகாசி, தேய்பிறை அட்டமி. அதற்கு முதல் வருடம் கல்யாண நாள், மே இருபத்தொன்று. வைகாசி, தேய்பிறை அட்டமி.

இன்றைய திகதிக்கும் அதே அட்டமிதான்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் போனாள். அந்த வருடம் அந்தத் திதி மே பதினேழில் விழுந்திருந்தது.

ஒரு குளிர்காலம் ஞாபகத்துக்கு வந்தது. வன்னியிலிருந்து வந்த தவரத்தினம் என்றொருவரைப் பார்க்க இவர் ரூ லூயி-பிளாங்குக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர், அந்த ஆளுக்குக் கஜனைத் தெரியாதாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குள் போனார். அந்தக் குளிரில் தலை முழுகினார். இழவுச் சேதி கேட்டவர்கள்தான் அப்படி முழுகிவிட்டு வீட்டுக்குள் புழங்குவார்கள். காய்ச்சல் வரப்போகிறது என்று அவள் திட்டிக்கொண்டே துவாய் எடுத்துக் கொடுத்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதர் என்றுதான் அவரைப் பற்றி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. அந்த நண்டை அவள் தன் கையால் உடைத்துக் கழுவிச் சமைத்திருக்கிறாள், பிள்ளையின் திதியன்று.

மெல்ல மறந்த இறைச்சி வாயிலேயே கிடந்தது.

துப்பினால் கஜன் இல்லை. விழுங்கினால் இருக்கிறான்.

தலையை நிமிர்த்தினாள். ஸ்ரீஸ்கந்தராசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் வெளிச்சம் விட்ட போனையும் பார்த்தார். அவருடைய தட்டில் உருளைக்கிழங்கு ஆறிப்போய்க் கிடந்தது. தன்னுடைய கடதாசித் துடைப்பானை இரண்டாக மடித்து அவள் வாய்க்குக் கிட்ட நீட்டினார். 

இனி ஒருவரிடமும் கேட்க ஒன்றும் இல்லை.

இறைச்சி நல்லாயிருக்கிறதா என்று கிருஷிகன் பிரெஞ்சில் கேட்டான்.

கோசலை விழுங்கினாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

"ஓம் ராசா, நல்லாயிருக்கு."

கத்தியை எடுத்து அடுத்த துண்டை வெட்டத் தொடங்கினாள்.