மூன்று விநாடி

"சார், நீங்க மாத்தவே இல்ல. இன்னும் ஒரு செகண்டுதான் காட்டுது."

தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்க வந்த இன்ஜினியர் பெண், மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்றது.

"காலையில என் கையாலதாம்மா மாத்தினேன். மணி அடிச்சு மூணு செகண்ட் கழிச்சுத்தான் பிரஸ் இறங்கணும். பதிவேட்டுல எழுதியே வெச்சிருக்கேன், பாரு."

பார்த்தவள் சிரித்துவிட்டாள். "இது எழுத்தா சார்? கோழி கிளறின மாதிரி இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 'என் கையாலதான் மாத்தினேன்.' இதே பிரஸ் முன்னால், மூன்று வருடத்துக்கு முன் இங்கே வேலை பார்த்த தங்கை புருஷனும் அப்படித்தான் சொன்னான். அன்று ஒரு தொழிலாளிக்கு இரண்டு விரல் போயிருந்தது. சோதித்தபோது நேரம் ஒரு விநாடியாகவே இருந்தது. "மாத்தினேன், சத்தியமா மாத்தினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டவன், திறந்திருந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். குட்டு உடைந்துவிட்டது, அதான் பேச்சு நின்றுவிட்டது என்று இவர் முடிவு கட்டினார்.

சொந்தம் என்றும் பார்க்காமல் அறிக்கை எழுதியவர் இவரேதான். அவனுக்கு வேலை போயிற்று. பிரஸ்ஸைப் பூட்டினார்கள். தங்கையிடமும் "என் வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். பிரஸ்ஸின் பூட்டு இன்றுதான் திறந்தது.

"நடுவுல கரண்ட் போச்சா சார்?"

"மத்தியானம் போயிட்டு வந்துச்சு."

அவள் பெட்டிக்குள் கையை விட்டு, கட்டைவிரல் அளவில் எதையோ பிடுங்கினாள். "இந்த மெமரி கார்டு பண்ண வேலை சார். புரோகிராம் அழிஞ்சா உதவட்டும்னு யாரோ பழைய காப்பியை ஏத்தி மாட்டியிருக்காங்க. கரண்ட் வர்றப்பல்லாம் நாம மாத்தினதை அழிச்சிட்டு இது பழசையே கொண்டு வந்துடும். மாத்தினா இதுலயும் சேமிக்கணும். ஆனா இப்படி ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சாத்தானே?"

அவர் அதை வாங்கித் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து போன் செய்தார்.

"மாப்ளே... நான்தான்."

"சொல்லுங்க மச்சான். நல்லா இருக்கீங்களா?"

அந்தக் குரலில் துளி வருத்தம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நீ அன்னிக்கு மாத்தினது நிஜம்தான் மாப்ளே. எவனோ ஒரு கார்டை மாட்டிட்டு, யாருகிட்டயும் சொல்லாம விட்டுட்டான். பாவி நான், உன்னைப் போய்..."



"அந்தக் கார்டுல ஒட்டியிருந்த உங்க கோழிக்கிறுக்கலை நான் அன்னிக்கே பார்த்துட்டேன் மச்சான். என் வேலை போனாப் போகுது, உங்க தங்கச்சிக்குப் பொறந்த வீடாவது நிலைக்கட்டும்னுதான் பேசாம இருந்துட்டேன்."