நாலு மணி நேரம்தான்

கறிவேப்பிலைக் கட்டுக்குள் தூங்கிப்போன நத்தை ஒன்று, பெட்டியோடு விமானமேறி மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. கட்டைப் பிரித்த அம்மாள் அதைப் பால்கனிப் பூந்தொட்டியில் விட்டாள்.

தொட்டியில் இருந்த மரவட்டை, "உங்க ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டது.

"பெட்டியை மூடும்போது பேசிக்கிட்டாங்க, நாலு மணி நேரம்தானாம்."

"அட, பக்கம்தான்!"

மறுநாளே நத்தைக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பியது. நாலு மணி நேரம் நிற்காமல் ஊர்ந்தது. பால்கனியின் மறுகோடி வந்தது, மதுரை வரவில்லை.

வாடிப்போய்த் திரும்பிய நத்தையிடம் மரவட்டை சொன்னது:

"நான் திருச்சிக்காரன்பா. வாழையிலைக் கட்டுல வந்து வருஷக்கணக்காச்சு. எனக்கும் நாலு மணி நேரம்தான். பக்கம்தானே, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்னு இன்னும் கிளம்பவே இல்ல."