இத்தாலியக் கல்யாணம்

"மீசை கோணலா இருக்கு றுஷ்தி. பொண்ணோட அப்பா மாதிரியே இல்ல, பூனை மாதிரி இருக்க" என்று ஜிப்னா இன்னும் கொஞ்சம் பசையைத் தடவி அழுத்தினாள். றுஷ்திக்குத் தும்மல் வந்தது. மீசை மறுபடியும் கன்னத்துக்கு ஏறியது.

பதுளையில் அந்தச் சமுதாயக் கல்லூரியின் உலகக் கலாசார விழா. ஜன்னல் சீலையில் கிமோனோ தைத்துக்கொண்ட ஜப்பானும், தலையில் கோழி இறகு செருகிய பிரேசிலும் மேடைக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நின்றன. சீட்டுக் குலுக்கியதில் றுஷ்தியின் வகுப்புக்கு விழுந்த நாடு இத்தாலி. அவர்கள் காட்டப்போவது ஓர் இத்தாலியக் கல்யாணம்.

மணப்பெண் ரொஷானி, மாப்பிள்ளை றொபின்சன். உண்மையில் அது நாடகமே இல்லை. வெள்ளை அங்கியோடு காத்திருந்த பாஸ்டர், வெலிமடையிலிருந்து வந்த அசல் பாஸ்டர். றொபின்சன் வீட்டார் நல்ல சேலை, நல்ல சட்டையோடு கடைசி வரிசையில் ஒன்றும் தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

பாவம், அவர்களுக்கும் வேறு வழியில்லை. டவுனில் பாமசி வைத்திருக்கும் ரொஷானியின் அப்பா மத்தேயு, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர். "என் வீட்டுலயும் சரி, சர்ச்சுலயும் சரி, இந்தக் கல்யாணம் நடக்கவே நடக்காது" என்று போன கிறிஸ்மஸுக்குச் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பைபிள்மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார்.

பாஸ்டரும் முதலில் பிடி கொடுக்கவில்லை. "பெத்தவங்க சம்மதம் இல்லாம நான் ஒரு கல்யாணமும் செஞ்சு வச்சதில்லம்மா" என்றவர், கொஞ்ச நாளில் அவராகவே போன் பண்ணி, "சரி, நடத்திருவோம்" என்றார். ரொஷானி அழுத அழுகை வேலை செய்துவிட்டது என்று ஜிப்னா கைதட்டிக் குதித்தாள்.

திரை இடுக்கால் எட்டிப் பார்த்த றொபின்சனின் முகம் வெளுத்தது. "ரொஷானி… முன் வரிசையில ஒங்கப்பா!"

அவரேதான். கிறிஸ்மஸுக்கு மட்டும் வெளியே வரும் அந்தக் கறுப்புக் கோட்டோடு, பக்கத்தில் மனைவி நேசராணியோடு, காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சாப்பாட்டு ஸ்டால்ல நிக்கப்போறேன்னுதானே வீட்டுல சொல்லிட்டு வந்தேன்!" ரொஷானி திரை இடுக்கை இழுத்து மூடினாள்.

"நிறுத்திருவோமா?"

"இன்னைக்கு விட்டா இனி எப்பவும் இல்ல றொபின். நீ போய் நில்லு. நான் வாறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, றுஷ்தி மீசையைப் பிய்த்து ஜிப்னாவின் கையில் வைத்தான். "அந்த மனுஷனுக்கு முன்னால நான் அவரா நடிக்கிறதா? எங்கட வாப்பா அவர்கிட்டதான் மருந்து எடுக்கிறாரு. எனக்கு ஏலாது!" என்றவன் ஜன்னல் வழியாகக் குதித்தே போய்விட்டான்.

பாட்டு தொடங்கிவிட்டது. வெள்ளை கவுனில் ரொஷானி மேடையின் ஓரத்தில் தன்னந்தனியாக நின்றாள். "இப்போ… பொண்ணோட அப்பா… பொண்ணைக் கூட்டிட்டு வருவாரு" என்று ஜிப்னா மைக்கில் இழுத்தாள். ஒருவரும் வரவில்லை.

முன் வரிசையில் மத்தேயு எழுந்தார். "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினார். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று ரொஷானி கண்ணை மூடிக்கொண்டாள்.

கையைப் பிடித்தார்தான். ஆனால் நடந்தது மாப்பிள்ளை நின்ற பக்கம். றொபின்சனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்து, கோணலாக இருந்த அவன் டையை நேராக்கிவிட்டார்.

"இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?" என்று பாஸ்டர் கேட்டார்.

"நான்தான். அவ அப்பா."

விசில் பறந்தது. மோதிரம் மாறியது, பாஸ்டர் ஜெபித்தார், ஆமென் விழுந்தது. யாரும் கேட்காமலே பிரேசில்காரர்கள் மேளத்தை வெளுத்து வாங்க, கிமோனோப் பெண்கள் பைலா ஆட, கடைசி வரிசையிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். ரொஷானிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாடகம் என்று நம்பித்தானே அப்பா அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்துக் கொடுத்தார்? இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? உள்ளே வந்த மத்தேயுவின் காலில் கவுனோடு விழுந்தாள்.

"மன்னிச்சிருங்கப்பா. இது நாடகம் இல்லப்பா. பாஸ்டரும் நெசம், கல்யாணமும் நெசம்."

அறை விழப்போகிறது என்று றொபின்சன் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

மத்தேயு குனிந்து மகளைத் தூக்கினார். கோட்டுக் கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழுதது போதும், மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாம்மா. வீட்டுல ஒங்க கல்யாணப் புரியாணி ஆறிக்கிட்டு இருக்கு!"