முடியுங்க

"லைன்ல பேஷண்டே பேசணும் மேடம். நீங்க பேசக்கூடாது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டாள். ஃபோனை அப்பாவின் மடியில் வைத்தாள். அவருடைய வலது கையும் அங்கேதான் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி.

பேசியது இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண். கம்பெனி இன்சூரன்ஸ். பனியன் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, பெற்றவர்களுக்கும் சேர்த்து என்று பெருமையாகச் சொன்ன இன்சூரன்ஸ். வாதம் அடித்த மனுசனுக்குப் பேச்சுப் பயிற்சி இத்தனை தடவைதான் என்று அதில் ஒரு வரம்பு இருந்தது. அது போன வாரத்தோடு தீர்ந்தது. நீட்டிக்க வேண்டுமென்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதாதாம். நோயாளியே ஃபோனில் பதில் சொல்ல வேண்டுமாம்.

பேச்சு வராதவரைப் பேசச் சொல்லிக் கேட்டுத்தான், பேச்சு வரவைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இதைக் கண்டுபிடித்தவன் சோறுதான் தின்கிறானா.

"சார், உங்க பேர் ராக்கியண்ணனா?"

அப்பா ஃபோனைக் கூர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"முடியுங்க."

"கேட்டீங்களா?" அவள் ஃபோனுக்குக் குனிந்தாள். "பேரைக் கேட்டா என்ன சொல்றாருன்னு பாருங்க. அந்த ஒரு வார்த்தைதானுங்க வருது. எதைக் கேட்டாலும்..."

"மேடம், கால் ரெக்கார்டு ஆகுது. எடுத்துக் குடுத்தீங்கன்னா அப்ளிகேஷனே ரிஜெக்ட் ஆயிரும்."

அவள் ஃபோனை விட்டு நிமிர்ந்தாள்.

அந்த ஒரு வார்த்தை வந்ததே பெரும் பாடு. பேச்சுப் பயிற்சிக்கு வரும் ரெஜினா, நாய்ப் படம் காட்டினாள். பூப் படம் காட்டினாள். தண்ணீர் டம்ளரை நீட்டி, தண்ணி, தண்ணி என்று தொண்டை வறளச் சொன்னாள். அப்பா வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒருநாள் சலித்துப்போய் அவருடைய செத்த கையைத் தொட்டு, "இதையாச்சும் தூக்க முடியுமா?" என்றாள்.

"முடியுங்க."

சுத்தமாக வந்தது. கை மட்டும் எழும்பவில்லை.

ரெஜினா கை தட்டினாள். ஒண்ணு வந்துட்டா மத்ததும் வருமுங்க என்றாள். மகள் சந்தோசத்தில் வீதி முழுக்கச் சொன்னாள். எதிர்வீட்டு ஆறுமுகம் வந்து, "ஏனுங்ண்ணா, இந்த வீட்டை என்ற பேருக்கு எழுதி வெக்க முடியுமா?" என்றான். "முடியுங்க." எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் பாதி வாயால் சிரித்தார்.

அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா மூட்டை தூக்கிய மஞ்சள் மண்டியில் விடிந்ததும் வரிசையாக நிறுத்திக் கேட்பார்கள். முடியுமாடா? முடியாது என்றால் அன்றைக்கு மூட்டை இல்லை. மறுநாள் கூப்பிடவும் மாட்டார்கள். காய்ச்சலில் கேட்டார்கள். அம்மா செத்த மூன்றாம் நாள் கேட்டார்கள். மண்டிக்காரர் பேரன், மீசை முளைக்காதவன், 'டா' போட்டுக் கேட்டான்.

தலைக்குள் எல்லாம் அழிந்துபோனது. பெற்ற மகள் பேர்கூட. இது மட்டும், கடைசி 'ங்க' வரைக்கும், அப்படியே நிற்கிறது.

"சார், நீங்களா எந்திரிச்சு நடக்க முடியுமா?"

"முடியுங்க."

"உங்க கையால சாப்பிட முடியுமா?"

"முடியுங்க."

அவர் சட்டையில் காலையில் அவள் ஊட்டிய இட்லி காய்ந்திருந்தது.

"பாத்ரூமுக்குத் தனியா?"

"முடியுங்க."

அவள் அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்கிறவரைத்தான் பார்ப்பார். அதுதான் பழக்கம்.

"கடைசிக் கேள்வி சார். முன்ன மாதிரி வேலைக்குப் போக முடியுமா?"

அப்பா நிமிர்ந்தார். கழுத்தைச் சற்று முன்னே சாய்த்து, இடது தோளைக் கொடுத்தார். மூட்டை வந்து விழும் தோள்.

"முடியுங்க!"

"ரொம்ப சந்தோசம் சார். நல்லா தேறிட்டீங்க. உடம்பப் பாத்துக்கோங்க."

அந்தப் பெண்ணின் குரலில் நிஜமாகவே சந்தோசம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

லைன் கட்டாகி, ஃபோன் திரை அணையும் முன்னே மெசேஜ் வந்துவிட்டது. நோயாளி பூரண குணம். பயிற்சி நீட்டிப்பு தேவையில்லை.

அவள் ஃபோனைக் கட்டிலில் வீசினாள்.

"ஏனுங்ப்பா, ஆயுசுக்கும் இதையே சொல்லித்தான முதுகு ஒடிஞ்சு கெடக்கறீங்க! ஒருக்கா, ஒரே ஒருக்கா, முடியாதுன்னு சொல்ல முடியாதா உங்களால?"

அவர் அவளைப் பார்த்தார். கேள்வி கேட்கிறவள் இப்போது அவள்தான்.

"முடியுங்க."

நீட்டிப்பு கிடைத்துவிடும் என்று நம்பி அவள் வரச் சொல்லியிருந்த ரெஜினாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. சத்தம் கேட்டதும் அப்பா இடக்கையால் தடவித் தடவிச் சட்டைக் காலரை நேராக்கினார். காய்ந்த இட்லியைச் சுரண்டிவிட்டார். பாடத்துக்குத் தயாராகி, கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

ரெஜினா கதவைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

மகளால்தான் எழுந்திருக்க முடியவில்லை.