ஐந்து கால் பின்னல்

சடையை அவிழ்க்கச் சொல்லிவிட்டார் அதிகாரி அம்மா.

அவிழ்த்தான்.

காலை ஆறரைக்கே மகளை உட்காரவைத்துப் பின்னிய சடை. இரண்டு பக்கமும் ஐந்து கால். மடித்துப் பச்சை ரிப்பன் கட்டி, ஒரு முடி துருத்தாமல் முடித்திருந்தான். உதவித்தொகையின் வருடாந்தர மறுஆய்வுக்குப் போகிறோம், பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மெனக்கெட்டதே வினையாகப் போயிற்று.

கோப்பின் மேல் ஒரு மொட்டைக் கடிதம் இருந்தது. அதிகாரி அதைக் காட்டவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னார். இவன் வீட்டில் வேறொரு பெண் இருக்கிறாளாம். அதற்கு அத்தாட்சி, பிள்ளையின் சடையாம்.

அவனைப் பார்த்தார். நகக்கண்ணில் மைதா. முழங்கைவரை கல் சுட்ட தழும்புகள். புரோட்டா மாஸ்டர்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. தன் தலைக்கே ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தவர்.

“நீங்க பின்னுனதுதான்னா, இப்ப பின்னிக் காட்டுங்க.”

தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கான உதவித்தொகை அது. மனைவி பிரிந்து போய் மூன்று வருடம். அந்தத் தொகை வருவதால்தான் அவன் பகல் கடையில் மட்டும் நிற்கிறான். அது போனால் மறுபடி ராத்திரிக் கடை. பிள்ளைக்கு விடுதி.

இது அவளுக்கும் தெரியும். ஆவுடைச்செல்விக்கு ஒன்பது வயது. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

சீப்பு இல்லை. டைப்பிஸ்ட் அம்மா கைப்பையைத் துழாவி ஒன்று கொடுத்தார்.

வகிடு எடுத்தான். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டான். ஒரு பக்கத்தை ஐந்தாகப் பிரித்தான். ஓரத்துக் காலை எடுத்து, ஒன்றின் மேல், ஒன்றின் கீழ்.

பின்னல் சரியாக விழவில்லை.

கோணிக்கொண்டது. பிரித்தான். மறுபடி கோணிக்கொண்டது.

“பயப்படாமப் பின்னுங்கப்பா. ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு நெனச்சுக்கோங்க” என்றாள் மகள்.

சிரித்துவிட்டான். ரிப்பன் கீழே விழுந்தது.

அப்புறம் கை தானாக ஓடியது. ஆரம்பத்தில் அவன் போட்ட சடை இரண்டாம் பீரியடிலேயே அவிழ்ந்து தொங்கும். கடை ஷட்டரில் நைலான் கயிற்றைக் கட்டிப் பின்னிப் பழகினான். “மாஸ்டர், பூ வைக்கலியா?” என்று சப்ளையர்கள் கேட்காத நாள் கிடையாது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று பின்னினான்.

வாசலில் மனுவோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி உள்ளேயே வந்துவிட்டாள்.

“யண்ணே, அப்படியே எம்மவளுக்கும் ஒண்ணு போட்டு விட்டுருங்க.”

அதிகாரி அவளை வெளியே போகச் சொன்னார். அதட்டத்தான் பார்த்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது சடை முடிந்ததும் எழுந்து வந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். போய் உட்கார்ந்து எழுதினார்.

தனிப் பெற்றோர். நேரில் சரிபார்க்கப்பட்டது. தொடரலாம்.

கையெழுத்துப் போடச் சொல்லிக் கோப்பை அவன் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் கடிதத்தைப் பார்த்தான்.

பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் பொடிப் பொடியாக வட்டம். உலகத்திலேயே ஒருத்திதான் அப்படிப் போடுவாள். மளிகைச் சீட்டில் போட்டிருக்கிறாள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் போட்டிருக்கிறாள். போகிற அன்று எழுதி வைத்துவிட்டுப் போன துண்டுச் சீட்டிலும் போட்டிருந்தாள்.

‘செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளிக்கூட வாசலில் பார்க்கிறேன். இத்தனை நேர்த்தியாக ஒரு ஆம்பளையால் பின்ன முடியாது. அந்த வீட்டில் வேறு பெண் இருக்கிறாள். பிள்ளையை அவள் நல்லபடியாக வைத்திருக்கிறாளா என்று தயவுசெய்து விசாரிக்கவும்.’

கோபம் வரும் என்று நினைத்தான். வரவில்லை.

சந்தோஷம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவைத் தவறவிட்டுக் குனிந்து எடுத்தான். எட்டு வருடக் குடித்தனத்தில் ஒரு சுடுதண்ணி வைத்ததற்குக்கூட அவளிடம் நல்ல பேர் வாங்கியதில்லை அவன்.

“யாரு எழுதுனதுன்னு தெரியுதா?” என்றார் அதிகாரி.

“தெரியலைங்க மேடம்.”

கையெழுத்துப் போட்டான்.

வெளியே நல்ல வெயில். படியிறங்கும்போது அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தான். ஆவுடை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏட்டி, செவ்வாய்க்கிழமை ஏழு கால் போடுவமா?”

“அவ்ளோ காலா?”

“போடுவோம். ஆனா ஸ்கூல் வாசல்ல ஓடக் கூடாது. மெதுவா நடந்து போணும். பின்னாடி இருந்து பாத்தா சடை நல்லாத் தெரியணும்.”

அவள் ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. ரிப்பனைச் சுண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள்.

“அன்னிக்கு நான் திரும்பிப் பாக்கலாமாப்பா?”

அவன் நின்றுவிட்டான்.

“பாரு தாயி,” என்றான். “நல்லாத் திரும்பிப் பாரு.”