நாலு விரற்கடை

துப்பாக்கி ஸ்பிரிங்கைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசித் திருகாணியை அவள் மெல்லக் கழற்றினாள்.

கை தவறினால் முகத்தில் பாயும். பாய்ந்தால் பாயட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பாயவில்லை.

படுதாவுக்கு அந்தப் பக்கம் நயினார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் புருஷனுக்கு அண்ணன். பலூன் சுடும் கடைக்கு அவன்தான் முதலாளி. வயிறு முட்டத் தின்றுவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் மனுஷனுக்குத் தெரியாது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமும் வெயில் தாழ்ந்துதான் வரும்.

தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்திருந்தது. எண்ணெயில் ஊறப் போட்டாள்.

துணியைக் கயிற்றில் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுத்தாள். கறுப்பாக வந்தது. மறுபடி இழுத்தாள். வெளுத்து வரும்வரை விடவில்லை. கட்டையில் ஆடிக்கொண்டிருந்த திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள்.

எல்லாம் புருஷன் கோமதிநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் படிந்த வேலை.

கடைசியில் குழலின் நுனி.

குறி பார்க்கிற முனை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

நயினார் தட்டி வைத்த சாய்வு.

அதை நம்பிச் சுட்டால் ரவை பலூனுக்கு நாலு விரற்கடை வலப்பக்கம் போகும். ஊர்ச்சனம் சுட்டுச் சுட்டுத் தோற்கும். நயினார் மட்டும் நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளிக் குறி வைப்பான். பலூன் படாரென்று வெடிக்கும். துப்பாக்கியில் குற்றமில்லை, உங்கள் கையில்தான் குற்றம் என்று சிரிப்பான்.

போன வருஷம் லீவில் வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் குழலைத் தூக்கிப் பார்த்துக் கோணலைக் கண்டுபிடித்துவிட்டார்.

கூட்டம் கயிற்றைத் தாண்டிக் குதித்தது.

நயினார் தம்பியைக் கை காட்டினான். “எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. துப்பாக்கியக் கழட்டுறது மாட்டுறதெல்லாம் இவந்தான்.”

நாக்கில் நரம்பில்லாத பாவி!

கோமதிநாயகம் வாய் திறக்கவில்லை. அண்ணனாயிற்றே. விலாவில் விழுந்த உதை உள்ளேயே தங்கிவிட்டது. அவன் தைப்பொங்கலைப் பார்க்கவில்லை.

அவள் அழுது முடித்து வெகுநாளாகிவிட்டது.

முனையின்மேல் துணியைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். பார்த்தாள். இன்னொரு தட்டு.

ராட்டினத்துக்காரர்கள் மோட்டாரை ஓட்டிப் பார்த்தபோது, அந்தச் சத்தத்தோடு சத்தமாக ஓர் அட்டைப்பெட்டியில் கரிப்புள்ளி வைத்துச் சுட்டாள். புள்ளியில் ஓட்டை விழுந்தது. மறுபடி சுட்டாள். புது ஓட்டை விழவே இல்லை. ரவை அதே ஓட்டைக்குள் போயிருந்தது.

கோமதிநாயகம் இருந்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பான்.

துப்பாக்கியை எடுத்த இடத்திலேயே சாத்தி வைத்தாள். நயினார் எழுந்து வந்து அதை அப்படியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். தான் வைத்த கோணலை எவனாவது சோதித்துப் பார்ப்பானா?

விளக்கு போட்டதும் கூட்டம் சேர்ந்தது. போன வருஷத்து முகங்களும் இருந்தன.

போணிக்கு முதலாளியே சுட்டுக் காட்டுவது அந்தக் கடை வழக்கம். வெறும் பலகை, நடுவில் ஒற்றைச் சிவப்புப் பலூன்.

நயினார் குழலை மடித்து ரவை போட்டான். பழகிய கை தானாகவே நாலு விரற்கடை இடப்பக்கம் போனது.

டொக்.

பலகையில் ஓட்டை. பலூன் ஆடிக்கொண்டிருந்தது.

சிரித்துச் சமாளித்தான். மூச்சை அடக்கி மறுபடி சுட்டான்.

டொக். முந்தின ஓட்டையை ஒட்டி இன்னொன்று.

“போன வருசமும் இதே கடைதாம்லே,” என்றது ஒரு குரல்.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நயினாரின் கழுத்தில் வியர்வை ஓடியது. தன் கையின்மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி யானையைக்கூடச் சுட முடியாது. துப்பாக்கியை அவளிடம் நீட்டினான்.

“ஏட்டி ஆவுடை, நீ ஒண்ணு சுட்டுக் காமி. துப்பாக்கி நேராத்தான் இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

பிறகு அவள் காதோரம் குனிந்தான்.

“இடப்பக்கம் நாலு விரக்கட. மறந்துராத.”

அவள் தலையாட்டினாள்.

கட்டையைத் தோளில் பதித்தாள். ஒரு கண்ணை மூடினாள். நேரே நடுவில் சிவப்பு. விட்டால் வெடிக்கும். நயினார் பிழைத்துப் போவான்.

சொன்ன சொல்லைத் தட்டாமல் நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தாள்.

டொக்.

அவன் போட்ட அதே ஓட்டை.

கூட்டம் ஒரே மூச்சாக உறுமியது. ஒருவர் அவளைப் பார்த்து, யாரம்மா இதைக் கோணலாக்கியது என்று கேட்டார்.

கேட்கட்டும் என்றுதான் அவளும் காத்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. துப்பாக்கியக் கழட்டுறது மாட்டுறதெல்லாம் இந்த அத்தாந்தான்.” நயினாரைக் கை காட்டினாள்.

முதல் ஆள் கயிற்றைத் தாண்டிக் குதித்தான். அவன் பின்னால் மற்றவர்கள்.

“ஏட்டி, சொல்லுட்டி! நீ ஒரு வார்த்த சொன்னா விட்டுருவானுவ!”

போன வருஷம் இதே இடத்தில் நின்று நயினாரைப் பார்த்து அவளும் இப்படித்தான் கத்தினாள். சொல்லுங்க அத்தான், சொல்லுங்க அத்தான் என்று.

ஆவுடை முக்காலியில் உட்கார்ந்தாள். துப்பாக்கியை மடியில் கிடத்தி, குழல் முனையை முந்தானையால் துடைத்தாள்.

முனை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.