சேற்றில் பதிந்த சாட்சியம்

கழுதையின் வயிற்றில் முதலில் அடித்தது குமாஸ்தா ஆடுதான். கால் விளங்காத மிருகங்களுக்கு அரசாங்கம் தரும் புல்லைக் கேட்டபோது, "நல்லாத்தானே நடக்கறீங்க மாமா" என்று தள்ளிவிட்டது.

கழுதை மேலதிகாரி யானையிடம் மேல்முறையீடு செய்தது. ஆற்றங்கரைச் சேற்றில் மூன்று குளம்புத் தடங்களையும், நாலாவது கால் இழுபட்ட கோட்டையும் காட்டியது.

யானைக்குக் கண் கலங்கியது. "பாவம்தான். ஆனால் இது புதுச் சாட்சியம். முதலில் ஆடு பார்க்கணும், அதுதான் முறை."

ஆடு மந்தையோடு ஓடிவந்தது. தடமெல்லாம் மிதிபட்டுப் போயிற்று.

"சாட்சியம் எங்கே மாமா?"

"உன் காலுக்குக் கீழேதான்."

ஆடு நாக்கைக் கடித்துக்கொண்டது. "கோவிச்சுக்காதீங்க. மறுபடி மனுப் போடுங்க" என்று சொல்லி, வீடுவரை தோள் கொடுத்தது. கழுதையும் வேண்டுமென்றே முழுப் பாரத்தையும் அதன்மேல் சாய்த்து நடந்தது. புல் இன்னும் வரவில்லை.